தெரபிந்து: டர்பன்டைனுக்குப் பெயர் கொடுத்த மரம்

கேள்வி: ஆதியாகமம் 43:11-இல் யாக்கோபு எகிப்துக்கு அனுப்பும் காணிக்கைகளில் 'தெரபிந்து கொட்டைகள்' என்று வருகிறது. அது என்ன மரம்? டர்பன்டைன் என்ற சொல் அதிலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் இன்று பெயின்ட் கடையில் டர்பன்டைன் என்று கேட்டு வாங்கும் எண்ணெயில் தெரபிந்து மரத்தின் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. அது பைன் மரத்துப் பிசினைக் காய்ச்சி வடித்தது. தெரபிந்தின் பிசினுக்குக் கிராக்கி அதிகம், கிடைத்த அளவோ குறைவு. அதனால் பெயர் மலிவான பிசின்களுக்குக் கைமாறிப் போனது. மரம் மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் இன்னும் நிற்கிறது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மது, தூபம், மருந்து, வார்னிஷ் என்று எல்லாவற்றிலும் கலந்திருந்த ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் மரம். தெரபிந்து நமக்கு அந்நியமான குலத்தைச் சேர்ந்ததல்ல. மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் எந்தக் குடும்பமோ அதே அனகார்டியேசியே குடும்பம். மாங்காயைக் காம்போடு கிள்ளும்போது பீறிடும் பாலின் காரமான வாசனையில் இருப்பவையும் தெரபிந்துப் பிசினின் வாசனையில் இருப்பவையும் ஒரே வகைச் சேர்மங்கள்தான். அதைவிட நெருங்கிய உறவு பிஸ்தா. பிஸ்தா மரத்தின் தாவரப் பெயர் பிஸ்டாசியா வெரா, தெரபிந்து பிஸ்டாசியா டெரிபிந்தஸ். பாலஸ்தீனப் பகுதியில் வளரும் நெருங்கிய வகையைச் சிலர் பிஸ்டாசியா பாலஸ்தீனா என்று தனி இனமாகக் கொள்கிறார்கள். இன்னும் பெரிதாக, பல நூறு ஆண்டு வாழக்கூடிய பிஸ்டாசியா அட்லாண்டிகாவும் உண்டு. பழைய உலகத்து மக்கள் இவற்றைப் பெரும்பாலும் ஒரே பெயரில்தான் அழைத்தார்கள். பழைய நூலில் தெரபிந்து என்று கண்டால் அது இந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இலையுதிர் காலத்தில் இலை செக்கச் சிவந்து கொட்டும். மிளகைவிடச் சற்றுப் பெரிய காய்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். பருப்பு வைத்த காய் நீலப் பச்சையாக மாறும். சிவப்பாகவே நின்றுவிட்டால் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் சாவி. அந்தச் சிறு பருப்பில் எண்ணெய் நிறைய உண்டு. யாக்கோபு அனுப்பிய கொட்டையைப் பற்றிப் பிறகு வருகிறேன், அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

பிசின் எடுப்பது கோடையில். பட்டையைக் கீறினால் தேன் பதத்தில் ஒரு திரவம் மெல்ல ஊறி வரும். காற்று பட்டால் இறுகிவிடும். மரத்துக்கு மரம் கிடைப்பது கொஞ்சமே. கிரேக்கத் தாவர அறிஞர் தியோஃபிராஸ்டஸ், பிசின்களிலேயே தெரபிந்துதான் முதல் தரம், மணத்தில் மென்மையானது, ஆனால் அளவில் அதிகம் கிடைப்பதில்லை என்று எழுதியிருக்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் மருத்துவர் டையோஸ்கோரிடிஸும் எல்லாப் பிசின்களுக்கும் மேலாக இதையே வைக்கிறார். தெளிவாய், கண்ணாடிபோல், இலேசான நீலச் சாயலோடு இருப்பதே உயர்ந்தது என்பது அவர் சொல்லும் அடையாளம். இந்த 'முதல் தரம், ஆனால் கொஞ்சம்' என்பதுதான் பின்னால் பெயர் கைமாறியதற்குக் காரணம்.

இதன் மிகப் பழைய தடயம் மதுவில் கிடைத்திருக்கிறது. ஈரானின் ஜாக்ரோஸ் மலைப்பகுதியில் ஹாஜி ஃபிரூஸ் என்ற புதிய கற்கால ஊர் ஒன்று உண்டு. அங்கே ஒரு வீட்டின் சமையலறைத் தரையில் புதைத்து வைத்திருந்த, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 லிட்டர் கொள்ளும் ஜாடிகளில் மஞ்சளாய் ஒரு கறை ஒட்டியிருந்தது. காலம் கி.மு. 5400-5000. அமெரிக்கத் தொல்வேதியியலாளர் பேட்ரிக் மெக்கவர்னின் குழு 1996-இல் அந்தக் கறை திராட்சை மது என்றும், அதில் தெரபிந்துப் பிசின் கலந்திருக்கிறது என்றும் காட்டியது. ஏன் கலந்தார்கள்? மதுவைக் காற்றுபடத் திறந்து வைத்தால் பாக்டீரியா அதைக் காடியாக்கிவிடும். பிசின் அந்தக் கிருமியைத் தடுத்து நிறுத்தும், தவறிக் கெட்டாலும் புளிப்பை மறைக்கும். இஸ்ரேலின் வடக்கே தெல் கப்ரியில், கி.மு. 1700 வாக்கில் இருந்த அரண்மனையின் மதுக் கிடங்கை 2013-இல் தோண்டினார்கள். ஏறத்தாழ 50 லிட்டர் கொள்ளும் 40 ஜாடிகள். அவற்றிலும் தேன், புதினா முதலியவற்றின் தடயங்களோடு தெரபிந்துப் பிசின் இருந்தது. கிரீஸில் இன்றும் குடிக்கும் ரெட்சினா என்ற பிசின் மது இந்தப் பழக்கத்தின் எச்சம். அங்கேயும் இப்போது பைன் பிசின்தான், தெரபிந்து இல்லை.

இந்தப் பிசின் எவ்வளவு பெரிய வணிகப் பொருளாக இருந்தது என்பதைக் கடலடியில் கிடைத்த ஒரு கப்பல்தான் உலகத்துக்குச் சொன்னது. 1982-இல் துருக்கியின் தென்கரையில் காஷ் ஊருக்கு அருகே உலுபுருன் முனையில் மெஹ்மெத் சாகிர் என்ற கடற்பஞ்சு எடுக்க மூழ்குபவர், கடலடியில் காதுவைத்த ரொட்டிபோல் உலோகத் துண்டுகள் கிடக்கின்றன என்று சொன்னார். அவை செம்புப் பாளங்கள். 1984 முதல் 1994 வரை ஜார்ஜ் பாஸும் ஜெமால் புலாக்கும் நடத்திய அகழாய்வில் கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் முடிவை ஒட்டி மூழ்கிய வணிகக் கப்பல் ஒன்று முழுச் சரக்கோடு வெளிவந்தது. 10 டன் செம்பு, 1 டன் வெள்ளீயம், நீலக் கண்ணாடிக் கட்டிகள், யானைத் தந்தம், கருங்காலி. அவற்றோடு ஏறத்தாழ 150 கானானிய ஜாடிகள். அந்த ஜாடிகளில் பாதி அளவில் இருந்தது தெரபிந்துப் பிசின். மொத்தம் ஒரு டன்னை நெருங்கும் என்பது அகழாய்வாளர்களின் கணிப்பு.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பு அந்த அளவில்தான். ஒரு மரம் தருவது கொஞ்சம் என்றால், ஒரு டன் சேர எத்தனை மரத்தைக் கீறியிருக்க வேண்டும், எத்தனை கோடை, எத்தனை கைகள்! அந்த உழைப்பைப் பற்றி ஒரு கல்வெட்டும் பேசவில்லை. செம்பாவது ராஜாக்களின் கடிதங்களில் இடம் பெற்றது. பிசின் கீறியவர்கள் எங்குமே இடம் பெறவில்லை.

பிசின் எங்கே போய்க்கொண்டிருந்தது? அந்தக் கப்பலைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், அந்தக் காலத்தில் இதைப் பெருமளவு வாங்கிய நாடு எது என்பது தெரியும்: எகிப்து. எகிப்தியக் கோயில் கணக்குகளில் 'சொன்டெர்' என்ற தூபப் பொருள் திரும்பத் திரும்ப வரும். எகிப்திய மொழியில் 'நெட்டெர்' என்றால் தெய்வம். 'தெய்வமாக்குவது' என்ற பொருளில்தான் சொன்டெர் அமைந்தது என்பது வழக்கமான விளக்கம். தூபம் என்றாலே அரேபியக் குந்துருக்கம் என்று நெடுங்காலம் அறிஞர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சு எகிப்தியலாளர் விக்டர் லோரே, 1949-இல் வெளிவந்த நூலில், சொன்டெர் என்பது தெரபிந்துப் பிசின் என்று வாதிட்டார். சொல்லை வைத்து அவர் சொன்னதற்கு வேதியியல் பிறகு துணை வந்தது. எகிப்திய அரசன் அக்நாதேனின் தலைநகரான அமர்னாவில், சொன்டெர் என்று மையால் எழுதிய ஜாடித் துண்டில் ஒட்டியிருந்ததைச் சோதித்தால் பிஸ்டாசியா பிசின். அங்கேயே கிண்ணங்களில் எரிந்த நிலையில் கிடைத்ததும் அதுவே. எகிப்திய மரச் சவப்பெட்டிகளில் மஞ்சளாய் மின்னும் வார்னிஷும் பிஸ்டாசியா பிசின்தான். அருங்காட்சியகத்தில் அந்த மஞ்சள் பளபளப்பைப் பார்ப்பவர்கள், தெரியாமலே இந்த மரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

மூவாயிரம் ஆண்டுக் கறையில் மரத்தின் பெயர் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். பிசினில் இரண்டு பகுதி உண்டு. காற்றில் பறந்துவிடும் எண்ணெய் ஒன்று, அதுதான் வாசனை. பறக்காமல் இறுகி நின்றுவிடும் கனமான அமிலங்கள் மற்றது. பிஸ்டாசியா இனங்களில் மொரோனிக், ஒலியனோனிக், மாஸ்டிகாடயீனோனிக் என்ற அமிலங்கள் ஒரு தொகுப்பாகச் சேர்ந்து வரும். பைனில் அந்தத் தொகுப்பு வராது, குந்துருக்கத்திலும் வராது. ஆனால் இந்த வழியில் பிஸ்டாசியா என்று சொல்லலாமே தவிர அதில் எந்த இனம் என்று சொல்வது கடினம். அதனால்தான் அறிவியல் கட்டுரைகளில் 'தெரபிந்து' என்பதைவிட 'பிஸ்டாசியா பிசின்' என்றே எழுதுகிறார்கள்.

இனி பெயருக்கு வருவோம். கிரேக்கத்தில் 'டெரெபிந்தோஸ்', அதற்கு முந்தைய வடிவம் 'டெர்மிந்தோஸ்'. இது கிரேக்கர்களின் சொந்தச் சொல் இல்லை. கொரிந்தோஸ் என்ற ஊர், லபிரிந்தோஸ் என்ற சிக்கல் மாளிகை, ஹயாகிந்தோஸ் என்ற பூ என்று '-ிந்தோஸ்' முடிவு கொண்ட சொற்கள், கிரேக்க மொழி அந்த மண்ணுக்கு வருமுன் அங்கே பேசப்பட்ட மொழியின் மிச்சம் என்பது மொழியியலாளர்களிடையே பரவலான கருத்து. அந்த மொழி போய்விட்டது, ஊர்ப் பெயரும் மரப் பெயரும் நின்றுவிட்டன. வந்தவர்களுக்கு இந்த மரம் புதிது, அதனால் இருந்தவர்களின் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள் என்று நினைப்பது இயல்பு. கிரீட் தீவின் கனோஸஸ் அரண்மனை மண்பலகைகளில் பெரிய அளவில் குறிக்கப்படும் 'கி-டா-நோ' என்ற பொருளும் தெரபிந்துக் கொட்டைதான் என்று சில அறிஞர்கள் படிக்கிறார்கள்.

கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குப் போய் 'டெரெபிந்தினா ரெசினா', அதாவது தெரபிந்துப் பிசின், பிறகு பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் டர்பன்டைன். ஐரோப்பாவில் மருந்துக்கும் ஓவியத்துக்கும் பிசினின் தேவை பெருகியபோது லார்ச் மரத்துப் பிசின் வெனிஸ் டர்பன்டைன் என்றும், ஃபர் மரத்துப் பிசின் ஸ்ட்ராஸ்பர்க் டர்பன்டைன் என்றும் விற்பனைக்கு வந்தன. கப்பல் கட்டும் தொழில் அமெரிக்கப் பைன் காடுகளைக் கீறத் தொடங்கியபின் டர்பன்டைன் என்றாலே பைன் என்றாகிவிட்டது. அசல் தெரபிந்துப் பிசின் 'கியோஸ் டர்பன்டைன்' என்று ஒரு தீவின் பெயரை ஒட்டவைத்துக்கொண்டு பிழைக்க வேண்டியதாயிற்று. 1880-இல் பர்மிங்காம் மருத்துவர் ஜான் கிளே அது கருப்பைப் புற்றுநோயைக் குணமாக்கும் என்று எழுதவும் திடீரென்று அதற்குக் கிராக்கி ஏறியது. மற்ற மருத்துவர்களின் கையில் அந்தப் பலன் நிற்கவில்லை.

1866-இல் ஜெர்மன் வேதியியலாளர் கெக்குலே, டர்பன்டைன் எண்ணெயில் உள்ளதுபோன்ற சேர்மங்களுக்கு 'டெர்பீன்' என்று பெயரிட்டார். எலுமிச்சைத் தோல், கொத்தமல்லி, இஞ்சி, துளசி என்று எதன் வாசனையை ஆராய்ந்தாலும் இன்று அந்தச் சொல்தான் வரும். நம் ஊரிலும் ஒரு தொடர்பு இருக்கிறது. டர்பன்டைன் எண்ணெயை நாட்டு வழக்கில் கற்பூரத் தைலம் என்பார்கள். இன்று கோயிலில் ஏற்றும் கற்பூரத்தில் பெரும்பகுதி, டர்பன்டைனில் இருக்கும் ஆல்ஃபா-பைனீன் என்ற டெர்பீனிலிருந்து ஆலையில் தயாராவது. தைலத்துக்குப் பெயர் வைத்தவர்கள் இதை நினைத்து வைத்திருக்க மாட்டார்கள், ஆனாலும் பெயர் பொருந்திவிட்டது.

இப்போது உங்கள் வசனம். எபிரேய மூலத்தில் அங்கே இருக்கும் சொல் 'போட்னிம்'. அரபியில் தெரபிந்து மரத்துக்குப் 'புத்ம்' என்று பெயர், அக்காடிய மொழியிலும் இதே வேர். பழைய கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்புகள் இந்த இடத்தில் தெரபிந்து என்றே எழுதின. நம் தமிழ் வேதாகமத்தின் 'தெரபிந்து கொட்டைகள்' அந்த வழியில் வந்தது. ஆனால் அரசனுக்கு அடுத்த நிலையில் இருப்பவனுக்கு அனுப்பும் காணிக்கை என்பதால், மிளகளவு தெரபிந்தைவிடப் பெரிய பிஸ்தாப் பருப்பே பொருத்தம் என்று இன்றைய அறிஞர்களில் பலர் கொள்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இன்றைய எபிரேயத்தில் போட்னிம் என்றால் வேர்க்கடலை, அது தனிக் கதை.

தெரபிந்து மரத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் வேறு: 'ஏலா'. அதை நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள், மரம் என்று தெரியாமல். தாவீது கோலியாத்தைச் சந்தித்த 'ஏலா பள்ளத்தாக்கு' தெரபிந்துப் பள்ளத்தாக்குதான். யாக்கோபு சீகேம் அருகே அந்நிய தெய்வங்களையும் காதணிகளையும் புதைத்தது ஓர் ஏலாவின் கீழே. அப்சலோமின் தலை சிக்கிக்கொண்டதும் ஓர் ஏலாவில். இந்த இரண்டு இடத்திலும் தமிழில் 'கர்வாலி மரம்' என்று இருக்கிறது. கர்வாலி என்பது ஓக். ஓக்குக்கு எபிரேயத்தில் 'அல்லோன்' என்று தனிச் சொல் உண்டு, ஆனால் இரண்டும் ஒலியில் நெருங்கியவை என்பதால் மொழிபெயர்ப்பாளர்கள் எல்லா மொழியிலும் தடுமாறியிருக்கிறார்கள். ஏசாயா 6:13-இல் இரண்டும் அடுத்தடுத்து வரும்போது ஏலாவுக்குக் கர்வாலி என்றும் அல்லோனுக்கு அரசமரம் என்றும் தமிழில் போட்டிருக்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாசகர் கண்ணால் கண்டிராத மரத்துக்கு, கோயில் வாசலில் நிற்கும் பெருமரம் ஒன்றின் பெயரைத் தந்தால் அந்த இடத்தின் மரியாதையாவது விளங்கும் என்று நினைத்திருக்கலாம்.

மம்ரேயின் கதையை விட்டுவிட மனம் வரவில்லை. எபிரோன் அருகே ஆபிரகாம் கூடாரம் போட்ட இடம் அது. மூலத்தில் 'மம்ரேயின் பெருமரங்கள்' என்று பொருள்படும் சொல் இருக்கிறது. தமிழில் 'மம்ரேயின் சமபூமி' என்று வந்துவிட்டது, மரமே இல்லை. ஆனால் எபிரோன் ஊர்க்காரர்கள் மரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், அந்தப் பெரிய தெரபிந்து உலகம் படைக்கப்பட்ட நாளிலிருந்து நிற்பதாகச் சொல்கிறார்கள் என்று எழுதினார். அந்த இடத்துக்கே தெரபிந்து என்று பெயர் வந்தது, ஆண்டுதோறும் பெரிய சந்தை கூடியது. கி.பி. 135-இல் யூதர்களின் பார் கொக்பா கிளர்ச்சியை ஒடுக்கியபின் ரோமப் பேரரசன் ஹேட்ரியன் யூதக் கைதிகளை அடிமைகளாக விற்றது அந்தச் சந்தையில்தான். பின்னாளிலும் யூதர்கள் அந்தச் சந்தையின் பெயரையே வெறுத்தார்கள் என்கிறார் கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம். அதற்குப் பிறகு வந்த வரலாற்றாசிரியர் சொசோமென் காட்டுவது வேறு காட்சி. கோடைத் திருவிழாவில் யூதர், கிறிஸ்தவர், பிற தெய்வங்களை வணங்குவோர் என எல்லோரும் அங்கே கூடினார்கள். கிணற்றைச் சுற்றி விளக்கேற்றி, உள்ளே மதுவும் பணியாரமும் காசும் வாசனைத் திரவியமும் போட்டார்கள், விழா நாட்களில் அந்தத் தண்ணீரை யாரும் இறைக்கவில்லை. மாமியார் யூட்ரோபியா வழியாக இதைக் கேள்விப்பட்ட பேரரசன் கான்ஸ்டன்டைன் பலிபீடத்தை இடித்துவிட்டுத் தேவாலயம் கட்டச் சொன்னான். ஓர் ஆலமரத்தடிச் சாமியைச் சுற்றி இப்படி மூன்று சமயத்தாரும் கூடுவது நமக்குப் புரியாத விஷயமல்ல.

பாரசீகத்திலும் இதற்கு இடம் இருந்தது. பாரசீகச் சிறுவர்களைத் தெரபிந்துக் காயும் காட்டுப் பேரிக்காயும் தின்று காட்டில் காலம் கழிக்கப் பழக்கினார்கள் என்கிறார் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ. பேரரசு பெருகிய பின்னும் அந்த எளிமையின் நினைவு சடங்காக நின்றது: கி.மு. 404 வாக்கில் இரண்டாம் அர்த்தசஷ்டா பழைய தலைநகரான பசர்கதேயில் முடிசூடியபோது அத்திப்பழ அடை தின்று, தெரபிந்து மென்று, புளித்த பால் குடித்தான் என்று கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் பதிவு செய்திருக்கிறார்.

இன்று? துருக்கியின் தென்கிழக்கில் இந்தக் காயை வறுத்து அரைத்து 'மெனெங்கிச்' காப்பி போடுகிறார்கள். காப்பிக்கொட்டை ஒன்றுகூடச் சேராது. சைப்ரஸில் பாஃபோஸ் பக்கம் பிசினை மெல்லும் கோந்தாக்குகிறார்கள். குர்து மலைகளில் அட்லாண்டிகா மரத்தை இன்றும் கீறிப் பிசின் எடுக்கிறார்கள்.

நமக்கு நெருக்கமான உறவினர் ஒருவரும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் கற்கடகசிங்கி என்று கேட்டால், வளைந்த கொம்புபோல் உள்ளே பொள்ளலாக ஒன்று தருவார்கள். இருமலுக்கும் இழுப்புக்கும் கொடுப்பது, சியவனப்பிராச லேகியத்தின் சரக்குகளில் ஒன்று. அது காயும் அல்ல, வேரும் அல்ல. வடமேற்கு இமயத்தில் வளரும் பிஸ்டாசியா இன்டிஜெரிமா மரத்து இலையில் ஒருவகை அசுவினிப் பூச்சி குடியேறுவதால் உண்டாகும் புடைப்பு. மத்தியதரைக் கடலோரத்துத் தெரபிந்திலும் வேறொரு அசுவினி இதேபோல் கொம்பு வளர்க்கிறது. அதைக் கண்டு ஸ்பானியர்கள் மரத்துக்கே 'ஆட்டுக் கொம்பு' என்று பெயர் வைத்தார்கள். சமஸ்கிருதத்தில் 'சிருங்கி' என்றாலும் கொம்புதான். ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஊரார் ஒரே உருவத்தைக் கண்டிருக்கிறார்கள்.

வாங்கும்போது கவனம் வேண்டும்: தென்னிந்தியக் கடைகளில் கடுக்காய் மரத்தின் புடைப்பையே கற்கடகசிங்கி என்று கொடுப்பது வழக்கமாக இருக்கிறது. அது வேறு சரக்கு, வேறு குணம். கலிஃபோர்னியாவின் பிஸ்தாத் தோட்டங்களில் மண்ணில் வரும் வாடல் நோயைத் தாங்குவதற்காக இந்த இன்டிஜெரிமாவையும், அட்லாண்டிகாவோடு அதைக் கலந்த கலப்பின வகையையும் அடிக்கன்றாக வைத்து அதன்மேல்தான் பிஸ்தாவை ஒட்டுகிறார்கள். இன்று நாம் வாங்கும் உப்புப் பிஸ்தாவில் கணிசமான பகுதி கலிஃபோர்னியாவில் விளைவது என்பதால், அதன் வேர் நம் கற்கடகசிங்கி மரத்தினுடையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.